வண்டி துடைக்கிற துணி

“சொன்ன பொய்யெல்லாம் அப்புறம் எங்கப்பா போவுது?”

இனியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சார்லி தறிக் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “நாளைக்கே சேலைய தறியிலேந்து அறுத்துடுவேன் முதலாளி” என்று சொல்லி முடித்திருந்தான். தறியில் இருந்த சேலையில் இன்னும் ஒரு முந்தானையே பாக்கி கிடந்தது. குழந்தை தறியைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது, கேட்டுவிட்டது. சார்லி சிரித்துக்கொண்டே, “காத்துல போயிடும்மா” என்றான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி அமுதாவும் சிரித்தாள்.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஆரணியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தான் சார்லி. கையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவன் போன வியாழக்கிழமை சொன்ன பொய் காற்றில் போகவில்லை. அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால், அவனுடைய எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கத்தில், கயிற்றால் கட்டிய ஒரு மூட்டையாக அது இருந்தது. இருக்க வேண்டும் என்று ஐந்து நாளாக மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.

“அந்த டீய ஒண்ணு குடிங்க, இல்ல கீழ ஊத்துங்க” என்றாள் அமுதா. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே வண்டியின் ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், நேற்று கோர்ட்டில் அபராதம் கட்டின ரசீது, பிறகு அவளுடைய லைசென்ஸ். சார்லியின் லைசென்ஸைப் போலீஸ் வாங்கிவைத்துக்கொண்டது. ஓட்டிப் போக லைசென்ஸ் உள்ள ஆள் வந்தால்தான் வண்டி வெளியே வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதற்காக அமுதா லைசென்ஸ் எடுத்தபோது, அதில் இருந்த அவள் போட்டோவைப் பார்த்துச் சார்லி நாள் முழுக்கக் கேலி செய்திருந்தான்.

வண்டியை எடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அமுதா நினைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மத்தியானம் சார்லி ஆரணிக்கு வந்து, குமரேசன் முதலாளி வீட்டில் மூன்று முகூர்த்தச் சேலைக்கான நீள இழைப் பாவும் குறுக்கிழை ஊடைப் பட்டும் ஜரிகையும் வாங்கினான். வாங்கினதை முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டான். அதன்மேல் ஒரு கந்தல் வேட்டியைச் சுற்றினான். அதற்கும் மேலே, நீலக் கட்டம் போட்ட தன் பழைய லுங்கியைச் சுற்றி, அழுக்குக் கயிற்றால் இறுக்கினான். அவன் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பட்டைக் கொண்டுவருவார்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு அது வண்ணானுக்குப் போகிற மூட்டை மாதிரி இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்தாலும் அதை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காலடியில் போட்டுவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். அக்கறை காட்டினால் திருடனுக்குப் புரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சார்லிக்கும் சிறுவயதிலேயே அது கையில் படிந்த பழக்கம்.

முதலாளி வீட்டை விட்டு வெளியே வந்தவனைப் பழைய சிநேகிதன் ஒருவன் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. சார்லியைக் குடிகாரன் என்று யாரும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் தொடுகிறவன். அன்றைக்குத் தொட்டான். கொஞ்சம் கூடுதலாகவே தொட்டான். மாலை நாலு மணிக்கு, ஊரைத் தாண்டின வளைவில், போலீஸ்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தி மெஷினை நீட்டினார்கள்.

“ஊது. இன்னும் ஊது. வாய வெச்சிகினு நடிக்காத, ஊதுய்யா.”

மெஷின் காட்டியது. இளம் போலீஸ்காரர் ஒருவர் லத்தி நுனியால் மூட்டையைக் குத்தினார்.

“இதுல இன்னா?”

“பழைய துணி சார்.”

“வோணும்னா அவுத்து எடுத்துக்கினு போ. வண்டி இங்கதான் நிக்கும்.”

கடவுள் அந்த இடத்தில் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். கயிற்றை அவிழ்த்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் போதையும் பயமும் சேர்ந்த தலைக்குள் ஒரே நினைப்புதான் ஓடியது: ஆவலாக அவிழ்த்தால் சந்தேகப்பட்டுப் பிரிக்கச் சொல்வார்கள், பிரித்தால் பில் கேட்பார்கள், முதலாளிக்குப் போன் போகும், குடித்துவிட்டுப் பட்டோடு வண்டி ஓட்டினவனுக்கு இனிமேல் எந்த முதலாளி பாவு தருவார்? அவன் யோசித்து முடிப்பதற்குள் பழக்கம் பேசிவிட்டது.

“கெடக்கட்டும் சார். வண்டி தொடைக்கிற துணி.”

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கோர்ட் விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை ஞாயிறு முழுக்கக் கொட்டியது. சார்லி மாதா கோயிலில் பூசை கேட்டுக்கொண்டிருந்தபோது, கூரைமேல் விழுந்த ஒவ்வொரு துளியும் அந்த மூட்டைமேல் விழுவதாகவே பட்டது. திங்கட்கிழமை முதலாளி போன் செய்தார். புதுப் பாவின் இழைகளைத் தறியில் இருக்கிற பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுப் பிணைக்க வேண்டும்; அதற்கே இரண்டு நாள் போய்விடும்.

“இன்னாப்பா சார்லி, பிணைச்சாச்சா?”

“பிணைச்சிகினே கீறோம் முதலாளி.”

பக்கத்தில் அமுதா நிற்கவில்லை என்பதற்காக அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். அப்படி நன்றி சொன்னதை நினைத்து அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. அவளிடம், முதலாளி இன்னும் பட்டு தரவில்லை என்று சொல்லியிருந்தான்.

இப்போது அமுதா ரோட்டைக் கடந்துவிட்டாள். சார்லி அவள் பின்னால் போனான்.

உள்ளே ஏட்டு பழனி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு காகிதங்களைப் பார்த்தார். நரைத்த மீசை, குரலில் ஒரு நக்கல்.

“ஓ, அந்த ஊதுகுழல் பார்ட்டியா? வாய்யா. அன்னிக்கு அந்த ஊது ஊதுன, மெஷினே ஆடிப்போச்சு.” பிறகு அமுதாவைப் பார்த்தார். “இது யாரும்மா, உன் லைசென்ஸா? போட்டோவுல பேய் அறைஞ்சாப்ல கீற?”

“அன்னிக்கு அறையல சார். இன்னிக்குதான் அறைஞ்சிகீது” என்று சொல்லி, கணவனை ஒரு பார்வை பார்த்தாள் அமுதா.

ஏட்டு சிரித்துவிட்டார். “இந்தா, கையெழுத்துப் போடு. பின்னால நிக்குது, போய் எடுத்துக்கோங்க. எல்லாம் சரியா கீதான்னு பாத்துக்கோ. அப்புறமா வந்து கண்ணாடி காணோம், பெட்ரோல் காணோம்னு நிக்கக் கூடாது.”

பின்பக்கம் வேப்பமரத்தடியில் பிடித்துவைத்த வண்டிகள் வரிசையாக நின்றன. சிலவற்றின் சீட்டைக் கிழித்துக்கொண்டு புல் முளைத்திருந்தது. அவர்களுடைய வண்டி கடைசியில், சேறு தெறித்து, ஈரமாக நின்றது. முன்பக்கம் வெறுமையாக இருந்தது. கயிறு இல்லை. மூட்டை இல்லை.

சார்லி வண்டியைச் சுற்றி வந்தான். பக்கத்து வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது, நாலடி தள்ளி நின்ற போலீஸ் ஜீப்பின் முன்கண்ணாடியில், வைப்பருக்கு அடியில் செருகிக் காயப்போட்டிருந்த துணி கண்ணில் பட்டது. நீலக் கட்டம். அவனுடைய லுங்கி. பாதியாகக் கிழித்து, மை பூசினது போல் அழுக்கேறிக் கிடந்தது.

“இன்னா தேடுறீங்க?” என்றாள் அமுதா. “அந்தத் துணியா? போனா போவுது, வாங்க.”

அவன் ஜீப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். அமுதா அவன் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷமாகப் பார்த்த முகம்.

“அந்த லுங்கியில இன்னாங்க சுத்தி வெச்சிருந்தீங்க?”

“பட்டு” என்றான். “மூணு சேலைக்கு. முதலாளி வியாழக்கிழமையே குடுத்துட்டாரு.”

அமுதா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் உறையை மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள், மடிக்க இடமில்லாத அளவுக்கு மடித்தாள். அந்தப் பட்டை ஈடுகட்ட எத்தனை வருஷம் தறியில் உட்கார வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். இனியாவின் படிப்பும் அதோடு போய்விடும் என்பதும் தெரியும்.

“உள்ள போயி கேளு” என்றாள். கோபம் வந்தால்தான் அவள் அவனை நீ என்பாள்.

சார்லி போனான். ஏட்டின் மேஜை முன்னால் நின்றான்.

“சார், வண்டியில ஒரு துணி மூட்டை...”

“அதுவா? கெங்கம்மா எடுத்திருப்பா. இங்க பெருக்குற பொம்பள. ஜீப்பு தொடைக்கத் துணி இல்லன்னு சனிக்கிழமை பேஜார் பண்ணிச்சு. நான்தான் அத்த எடுத்துக்கோன்னேன். நீதானய்யா தொடைக்கிற துணின்னு சொன்ன? ஏன், இப்ப அந்தக் கந்தல் இல்லாம தூக்கம் வரலையா?”

“அந்தம்மா எங்க சார்?”

“சனிக்கிழமை போனவதான். மூணு நாளா ஆளே வரல.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷம் பொய்களைக் கேட்டுப் பழகின காது அது. “மூட்டைக்குள்ள எதுனா வெச்சிருந்தியா? மறைக்காத. இருந்துச்சுன்னா சொல்லு, ஜீப்ப அனுப்பி அவள அள்ளிகினு வரச் சொல்றேன். ரெண்டு தட்டு தட்டுனா ஜல்தியா பொருள் வெளிய வந்துடும்.”

சார்லி வாழ்நாளில் அவ்வளவு சுலபமான வழியைக் கண்டதில்லை. ஒரே வார்த்தை போதும். அவள் திருடிவிட்டாள் என்று அவன் சொல்லவேண்டியதுகூட இல்லை. பட்டு இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று நாளாக வரவில்லை என்றால் வேறென்ன அர்த்தம்? அவன் மனசே அவளைத் திருடி என்று தீர்ப்பெழுதிவிட்டது.

ஆனால், அள்ளிக்கொண்டு வருவது என்றால் என்ன என்று நினைத்துப் பார்த்தான். பெயர் மட்டுமே தெரிந்த ஒரு பெண்பிள்ளை, துடைப்பத்தைப் பிடித்த கை, தெரு ஜனம் எல்லாம் பார்க்க ஜீப்பில் ஏறுவாள். எதற்காக? எடுத்துக்கொள் என்று சொன்னதை எடுத்ததற்காக. கந்தல் என்று சொன்னவன் அவன். தன் பயத்தை இறக்கிவைக்க இன்னொருத்தி தலையைத் தேடுகிறோம் என்று புரிந்தபோது அவனுக்கு வேறொரு பயம் வந்தது. அது போலீஸைப் பற்றினது அல்ல.

“சார்” என்றான். “பட்டு இருந்துது சார். நான்தான் பொய் சொன்னேன். அந்தம்மா மேல ஒண்ணும் தப்பு கெடையாது. கேஸு போட்றதுன்னா எம்மேல போடுங்க. அவங்கள இட்டுகினு வர வோணாம்.”

ஏட்டு பழனி எழுந்துவிட்டார். “அறிவு கீதாய்யா உனக்கு? பட்ட எடுத்தாந்து ஸ்டேஷன் வாசல்ல கந்தல்னு போட்டுட்டுப் போவியா? நாளைக்கு நாங்க தூக்கிட்டோம்னு நீ பெட்டிஷன் போட்டா எவன் பதில் சொல்றது? கொழுப்பா?” மேஜையில் ஓங்கித் தட்டினார். சார்லி கண்களை மூடிக்கொண்டான். வாசற்படியில் அமுதா நின்றுகொண்டிருந்தாள்.

ஏட்டு ரெஜிஸ்டரைத் திருப்பி, வியாழக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூடினார்.

“இதுல பழைய துணி மூட்டை ஒண்ணுன்னுதான் எழுதிகீது” என்றார், தணிந்த குரலில். “வேற ஒண்ணும் என் காதுல வுழல. ஆத்தங்கரைப் பக்கம் கடைசி வூடு, தகரம் போட்டது. நீங்களே போய்க் கேளுங்க. காக்கிச் சட்டையப் பாத்தா அது பயந்துடும்.” அமுதாவைப் பார்த்து, “நீ ஓட்டும்மா. இவன் பின்னால குந்தட்டும்” என்றார்.

அமுதா ஓட்டினாள். ஆற்றங்கரைத் தெருவில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. கடைசி வீட்டின் தகரம் துருப்பிடித்து, இரண்டு இடத்தில் ஓட்டையாகியிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“யாரு?” என்று ஒரு இருமல் கேட்டது.

“ஸ்டேஷன்ல வண்டி வுட்டவங்கம்மா” என்றான் சார்லி.

கதவு ஒரு விரற்கடை திறந்து, ஒரு கண் தெரிந்தது. “இன்னா வண்டி?”

“எக்ஸ்எல்லு.”

“துணிக்குள்ள இன்னா கலரு?”

“மாம்பழக் கலரு பாவு. ஊடை அரக்கு. ஜரிகை தனியா சின்னக் கவர்ல. கவர் வாயில செகப்பு நூல் கட்டியிருப்பேன்.”

கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும் கெங்கம்மாளுக்கு. காய்ச்சலில் கண் சிவந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே தரையெல்லாம் ஈரம். சொட்டுகிற இடங்களில் குண்டானும் வாளியும் வைத்திருந்தாள். ஒரே ஒரு மூலைதான் காய்ந்திருந்தது. அந்த மூலையில் ஒரு அரிசி டிரம். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் பாய் நசுங்கிக் கிடந்தது. டிரம்மில் இருந்த அரிசி வெளியே, ஒரு அன்னக்கூடையில், நனைந்து புளித்த வாசனையோடு இருந்தது.

அவள் டிரம்மின் மூடியைத் திறந்தாள். கந்தல் வேட்டி சுற்றினபடி, மூட்டை அப்படியே இருந்தது. நடுவில், பூச்சி அண்டாமல் இருக்க, வசம்பும் நொச்சி இலையும் செருகியிருந்தாள்.

“மேல்துணிய அவுத்ததுமே தெரிஞ்சிப்போச்சு” என்றாள். “அத்த மட்டும் கிழிச்சி ஜீப்பத் தொடைச்சிட்டு, இத்த முந்தானையில மூடி எடுத்தாந்துட்டேன். ஏட்டையா நல்ல மனுஷன்தான். ஆனா பட்டுன்னு சொன்னா ரூம்புல வெச்சிப் பூட்டிடுவாங்க. கேஸு முடியங்காட்டியும் எலி தின்னுடும். எத்தினி பொருளு அங்க மக்கிப்போய்கீதுன்னு நான் பாத்திருக்கேன். சரி, வண்டிக்காரன் வருவான், கையில குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மழை. வூடு ஒழுகுது. வுட்டுட்டு வேலைக்கிப் போனா எவனாவது பூந்துட்டா? போய்ச் சொன்னா, திருடிட்டேன்னு சொல்லிட்டா?” அவள் மூச்சு வாங்கினாள். “மூணு நாளு, எலி சத்தம் கேட்டாக்கூட ஜீப்பு வந்துடுச்சோன்னு நெனைச்சிகினு குந்திகினு கெடந்தேம்பா. நீ ஒரு வார்த்த பட்டுன்னு சொல்லியிருந்தா, நான் நிம்மதியா பெருக்கிட்டு வந்திருப்பேன்.”

சார்லி தலை குனிந்தான். அவன் ஐந்து நாள் பட்ட பயம் முழுக்கத் தன்னுடையது என்றுதான் நினைத்திருந்தான். அதில் பாதியை யாரோ ஒருத்தி, கேட்காமலேயே, இந்த ஒழுகுகிற வீட்டில் உட்கார்ந்து சுமந்திருக்கிறாள். சற்று முன்னால் அவளைத் திருடி என்று நினைத்ததை அவளிடம் சொல்ல வாய் வந்தது. அமுதா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். சில பாவங்களைச் சாமியிடம் மட்டும் சொன்னால் போதும்.

அமுதா மணிபர்ஸைத் திறந்தாள். கெங்கம்மாள் முகம் சுருங்கியது. “அத்த உள்ள வைம்மா. துட்டுக்கு வெச்சிருந்தேன்னா, இத்தினி நேரம் வித்திருக்க மாட்டேனா? போங்க. போயி தறியில குந்துங்க.”

வாசலிலேயே நின்று சார்லி முதலாளிக்குப் போன் செய்தான். வியாழக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார்.

“பட்டு நனைஞ்சிதா?”

“இல்லீங்க முதலாளி.”

“அப்ப போய் பிணை. இந்த மூணும் அறு. அப்புறம் உனக்குப் பாவு தர்றதா, வோணாமான்னு யோசிக்கிறேன்.” வைத்துவிட்டார்.

அது மன்னிப்பு அல்ல. ஆனாலும் அன்று மத்தியானம் சார்லி சோறு சாப்பிட்டான். இனிமேல் அந்த வண்டியில் பட்டை ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, மூட்டையை அமுதா வீடு வரைக்கும் தன் மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தாள். லைசென்ஸ் இல்லாத சார்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு தங்கள் ஊரான முள்ளிப்பட்டு வரைக்கும் நடந்தே வந்தான்.

அடுத்த வாரம் மறுபடியும் வானம் கறுத்தது. வெள்ளிக்கிழமை காலை, தறிக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று அமுதாவிடம் பொய் சொல்லவில்லை. ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, சார்லி முதல் பஸ்ஸில் ஆரணிக்கு வந்தான். ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் துடைப்பச் சத்தம் கேட்டது. இருமல் இல்லை. நிற்காமல் நடந்தான்.

ஆற்றங்கரைத் தெருவில் ஜனம் வேலைக்குப் போய்விட்டிருந்தது. கடைசி வீட்டின் கதவு பூட்டியிருந்தது. யாராவது பார்த்தால் பட்டப்பகலில் கூரை பிரிக்கிறான் என்பார்கள். பையிலிருந்து புதுத் தார்ப்பாயை எடுத்து, சுவரோரத்துக் கல்மேல் ஏறி, துருப்பிடித்த தகரத்தின்மேல் மெதுவாக விரித்தான். ஓட்டை இரண்டும் மறைந்தன. ஓரங்களை இழுத்து, வளையங்களில் கயிற்றைக் கோத்து, மூங்கில்களோடு சேர்த்துக் கட்டினான். இழை முடிந்து பழகின விரல்கள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தன. தகரத்தின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. துடைத்துக்கொண்டு, அடுத்ததைக் கட்டினான்.

பதினோராவது முடிச்சைப் போடும்போது முதல் தூறல் விழுந்தது. இறங்கி, கதவிடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். இருட்டு. காதை வைத்துக் கேட்டான். மழை வலுத்தது. உள்ளே ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை.

கல்லில் பதிந்த சேற்றுக் காலடியைக் கையால் துடைத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.